முடிச்சில் நிற்கும் தக்கை

தக்கையில் நான் செய்கிற எந்தப் பொருளிலும் பசை இருக்காது. ஒயின் பாட்டிலின் வாயை அடைத்திருந்து, திறந்த மறுநிமிடமே குப்பைக்குப் போகிறதே, அந்தத் தக்கையைச் சொல்கிறேன். பிரிமணை, வாசல் தோரணம், சுவரில் தொங்கவிடும் திரை, சாவிக்கொத்து என்று பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிறோம். மற்ற ஊர்களில் இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் க்ளூ கன் வைத்து ஒட்டி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு ஒரு பிரிமணைக்கே ஒரு பிற்பகல் ஆகும். அந்த ஒரு பிற்பகலுக்கு நியாயம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ஊர் இருக்கிற இருப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல் திட்டு. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தெற்கு ஓரம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. இந்தக் காற்றில் உப்பு இல்லாத நாளே கிடையாது. ஒட்டுப்பலகை உப்பிப் போகும், ஆணி துருப்பிடிக்கும், சித்திரை மாதம் தகரக் கூரைக்கு அடியில் க்ளூ கன் பசை இளகிவிடும். தக்கையின் தோலில் மெழுகுத் தன்மை இருப்பதால் இளகிய பசை அதைப் பிடித்துக்கொண்டு நிற்காது. அப்படி ஒட்டின பொருள்கள் சுவரிலிருந்து ஒவ்வொரு தக்கையாக உதிர்வதை மற்ற வீடுகளில் பார்த்திருக்கிறேன். உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டினால் முதலில் இருந்த வழவழப்பு வராது, மஞ்சளாகக் கறை தெரியும். முடிச்சு அப்படி இல்லை. ஒரு தக்கை பிய்ந்துபோனால் அந்த வரிசையை மட்டும் அவிழ்த்து வேறொன்றைக் கோத்துத் திரும்பக் கட்டிவிடலாம். வலையை அப்படித்தானே காலங்காலமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு முடிச்சு சொல்லிக்கொடுத்தவர் மாமனார். கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அவருக்கு வலை கட்டுவதுதான் வேலை. ஏரியில் இறால் பிடிக்கும் சுத்து வலை, மடவைக்குப் போடும் வலை, நண்டு வலை எல்லாம் அவர் கைக்கு வரும். வலை ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு, கண் அளவுக்கு ஒரு மூங்கில் பட்டையை இடது கையில் பிடித்துக்கொள்வார். மேல் வரிசைக் கண்ணுக்குள் கீழிருந்து ஊசியை நுழைத்து, கண்ணின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் நூலுக்கு அடியிலேயே இழுத்து இறுக்குவார். அவ்வளவுதான் வலை முடிச்சு. பருத்தி நூலுக்கு ஒரு சுற்றுப் போதும். நைலான் வழுக்கும் என்பதால் கழுத்தை இரண்டு முறை சுற்ற வேண்டும். இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிட்டால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பாரம் விழுந்ததும் கண் ஓடிவிடும். என்னிடம் வேலை கற்க வரும் பெண்களுக்கு நான் தக்கையைக் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரட்டைச் சுற்றைத்தான் கொடுக்கிறேன்.

மிதப்பும் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. வலையின் மேல்கயிற்றில் மிதப்பு, கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டு, இரண்டும் எதிரெதிரே இழுப்பதால்தான் வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். மாமனாரின் சிறு வயதில் மிதப்பெல்லாம் லேசான மரக்கட்டை. மரம் தண்ணீர் குடித்துவிடும். ஒவ்வொரு முறை மீன் பிடித்த பிறகும் வலையைக் கரையில் விரித்து, கட்டையையும் காய வைத்தால்தான் அடுத்த முறை மிதக்கும். பிறகு பிளாஸ்டிக் மிதப்பு வந்தது, தெர்மகோல் வந்தது. இன்றைக்கும் பணமில்லாத வீட்டில் தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி மிதப்பாகக் கட்டுவார்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மிதப்பைப் பார்த்தே அது எந்த வலையிலிருந்து வந்தது, யார் கட்டினது என்று மாமா சொல்லிவிடுவார்.

ஒயின் தக்கை எங்களிடம் வந்து சேர்ந்தது சென்னையிலிருந்து. சொந்தக்காரப் பெண் ஒருத்தி நகரத்தில் பெரிய ஓட்டல் ஒன்றில் துப்புரவு வேலையில் இருந்தாள். கல்யாண வரவேற்பு, கம்பெனி விருந்து என்று ஒவ்வொரு வார முடிவிலும் சேரும் தக்கைகளைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு அரிசிச் சாக்கில் கட்டி எடுத்துவந்துவிட்டாள். திண்ணையில் கொட்டினதும் வாசனை தெருவரை போயிற்று.

"இன்னாம்மா இது? சாராயக் கடைக் குப்பைய வாசப்படியில கொட்டி வெச்சிருக்கே?" என்றார் அத்தை.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. குடி எங்கள் குப்பத்தில் எத்தனை வீட்டை அழித்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. கூடையில் மீன் சுமந்து விற்ற காசைப் புடவை முந்தானையில் முடிந்து, அதைக் காப்பாற்றுவதற்காகத் தூங்காமல் இருந்த பெண்களின் தலைமுறை அது. பணக்காரர் குடித்தாலும் ஏழை குடித்தாலும் அவருக்கு அது ஒன்றுதான். நான் வாதாடவில்லை.

மாமாதான் ஒரு தக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அமுக்கிப் பார்த்தார். விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்தது. நகத்தால் கீறினார். பிறகு ஏரித் தண்ணீர் பிடித்த வாளியில் கைநிறையப் போட்டு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். சில நாள் கழித்து எடுத்து வெட்டிக் காட்டினார். உள்ளே ஈரமே இல்லை. "இத்தினி நாளு ஊறியும் தண்ணி குடிக்கலையே. எங்க காலத்துல இது கெடச்சிருந்தா கட்டையக் காய வெச்சே கையி தேஞ்சிருக்காது" என்றார். ஐரோப்பாவில் மீனவர்கள் பல நூற்றாண்டு காலம் இதையேதான் வலையில் மிதப்பாகக் கட்டினார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. மாமா அதைக் கேள்விப்படாமலே கண்டுகொண்டார்.

தக்கை ஒரு மரத்தின் பட்டை. மத்தியதரைக் கடலைச் சுற்றி வளரும் ஒருவகை ஓக் மரம் அது. உலகத்துக்கு வேண்டிய தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. மரத்துக்கு இருபத்தைந்து வயதாகும்போது முதல் பட்டையை உரிப்பார்கள். மறுபடி உரிக்கக் குறைந்தது 9 வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பாட்டிலுக்கு ஏற்ற பட்டை மூன்றாவது உரிப்பில்தான் கிடைக்கும், அப்போது மரத்துக்கு நாற்பது வயது கடந்திருக்கும். மரத்தை வெட்டுவதில்லை. கோடாரியால் பக்குவமாகக் கீறிப் பட்டையை மட்டும் கழற்றுவார்கள், உள்மரத்தில் காயம் படக் கூடாது. இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் பனையேறிகளை நினைத்துக்கொண்டேன். குருத்தை எத்தனை வெட்டலாம், எத்தனை விட்டுவைக்க வேண்டும் என்று மரத்தைப் பார்த்ததும் சொல்வார்கள். நாற்பது வருடம் காத்திருந்து எடுத்த பட்டையை ஒரு இரவு விருந்துக்குப் பிறகு குப்பைமேட்டில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது இந்தத் தக்கையின் சீவலைத்தான். தேனடை மாதிரி அறை அறையாக இருந்ததைப் பார்த்து அந்த அறைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் இன்று பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் செல். ஒவ்வொரு அறைக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கிறது, அறைச் சுவர் தண்ணீரை விடாது. மாமா விரலால் அமுக்கிப் பார்த்ததற்கும் வாளியில் போட்டுப் பார்த்ததற்கும் விளக்கம் அதுதான்.

சாக்கில் வருவதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. முதல் வேலை பிரிப்பது. ஒரே துண்டாகப் பட்டையிலிருந்து குடைந்து எடுத்த தக்கை உயர்ந்தது. அதில் குறுக்கே பழுப்புக் கோடுகள் ஓடும், அவை மரம் மூச்சு விட்ட வழி. வெட்டும்போது கத்தி அந்தக் கோட்டில் மாட்டினால் பொரிந்துவிடும் என்பதால் முன்கூட்டியே கோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது துகள்களை அழுத்திச் செய்த தக்கை. வெட்ட எளிது, ஓரம் சுத்தமாக வரும், ஆனால் ஊசித் துளையில் நாளடைவில் தளரும். ஷாம்பேன் தக்கை நாய்க்குடை வடிவில் தலை பெருத்திருக்கும். மூன்றில் ஒன்று பார்த்தால் தக்கையே அல்ல, தக்கை நிறத்தில் வார்த்த பிளாஸ்டிக். அமுக்கினால் ரப்பர் மாதிரி திமிறும். நம் நாட்டு ஒயின்களில் பல இப்போது திருகு மூடியோடு வருவதால் நல்ல தக்கை பெரும்பாலும் வெளிநாட்டு பாட்டிலில்தான்.

பிரித்ததைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, மேலே மிதப்பவை முங்கும்படி ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பேன். புளித்த வாசனை போய்விடும். கொதித்த தக்கை இளகி இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். ஆறினால் விறைத்துக்கொள்ளும், உதிரும். மீன் அறுக்கும் அரிவாள்மனை இதற்குச் சரிப்படாது. மெல்லிய, நீண்ட, சாணை பிடித்த கத்தி வேண்டும், ரம்பம் போல முன்னும் பின்னும் இழுக்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். துளை போட சூடாக்கிய கோணி ஊசி. பாட்டிலைத் திறக்கும் திருகாணி ஏற்கெனவே நடுவில் துளைத்திருப்பதால் நீளவாக்கில் கோக்க வேண்டிய இடத்தில் பாதி வேலை முடிந்தே வருகிறது. காயவைப்பது நிழலில்.

நான் முதலில் செய்தது பிரிமணை. வைக்கோலிலும் தென்னை நாரிலும் சுற்றின பிரிமணையில் சட்டியை இறக்கி வைத்துப் பழகின கைக்கு அதுதான் முதலில் தோன்றும். ஒரு தக்கை 24 மில்லிமீட்டர் குறுக்களவும் 45 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும். அதைச் சரிபாதியாக வெட்டி நிமிர்த்து நிறுத்த வேண்டும். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு, ஆக 19 துண்டு. இடைவெளி இல்லாமல் தானாகவே அறுகோணமாக அடங்கும். பத்துத் தக்கையில் 12 சென்டிமீட்டர் அகலப் பிரிமணை வந்துவிடும். இன்னொரு சுற்றுக்குப் பதினெட்டு சேர்த்தால் 37 துண்டு, குழம்புச் சட்டிக்கே போதும்.

கட்டுவதில்தான் சூட்சுமம். அறுகோண அடுக்கில் வரிசைகள் மூன்று திசையில் ஓடும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் மூன்று துளை, ஒன்றையொன்று வெட்டிவிடாமல் வெவ்வேறு உயரத்தில் போட வேண்டும். அடியிலிருந்து 5, 11, 17 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறேன். முதல் திசையில் எல்லா வரிசையையும் கோத்துப் பரப்பி, அடுத்த திசை நூலைப் பக்கவாட்டில் ஓட்டி, மூன்றாவதை ஓட்டும்போது தக்கைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இறுகும் சத்தம் கேட்கும். கடைசியில் வெளி விளிம்பைச் சுற்றி வலையின் மேல்கயிறு மாதிரி ஒரு கயிறு ஓட்டி, ஒவ்வொரு நூல் முனையையும் அதில் இரட்டைச் சுற்று முடிச்சால் பிணைக்க வேண்டும். இந்தப் பிரிமணையைத் தரையில் ஓங்கி அடித்தாலும் ஒரு துண்டு கழலாது. அடுப்பிலிருந்து இறக்கின இரும்புச் சட்டியை மட்டும் ஒரு நிமிடம் ஆறவிட்டு வைக்கச் சொல்வேன். தக்கை சூட்டைத் தாங்கும், நெருப்பைத் தாங்காது.

அத்தை இந்தப் பிரிமணையைச் சமையலறைக்குள் விட்டார். அதற்கு மேல் விடவில்லை. எங்கள் வீட்டு நிலையில் இன்றுவரை மாவிலைத் தோரணம்தான், தக்கைத் தோரணம் ஏறினது கிடையாது. அவர் சொல்லில் எனக்கு மறுப்பில்லை.

நூலுக்கு நான் அலைந்தது கொஞ்சநஞ்சமல்ல. கிழிந்து ஒதுக்கிய வலையிலிருந்து உருவின நைலான் வலுவானது, காசும் இல்லை. ஆனால் நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் தொங்கினால் இற்றுப்போகும். பருத்தி உப்புக் காற்றில் கருக்கும். வீட்டுக்குள் மாட்டும் பொருளுக்குப் பனைநார்தான் என் கைக்குப் பிடித்தது. தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினால் காயும்போது தானே இறுக்கிப் பிடிக்கும். அந்த நாரைப் பதப்படுத்தச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஊருக்குள் இருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். பழவேற்காட்டுப் பெண்களின் பனையோலை வேலை ஊரறிந்தது. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உருவி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிநீரில் சாயம் ஏற்றி, பெட்டியும் கூடையும் தட்டும் பின்னுவார்கள். தக்கைத் துண்டுக்கு ஓலையில் ஓரம் கட்டலாம் என்று காட்டியதும் அவர்களில் ஒரு மூத்த அம்மாதான். "வெறும் தக்கையாப் பாத்தா கண்ணு ஓடிப்போயிரும்மா, ஒரு வரப்பு கட்டு" என்றார். ஓலை வரப்பு கட்டின பிறகுதான் என் பிரிமணை அலங்காரப் பொருளானது.

ஏரியும் கால்வாயும் கண்ட எவருக்கும் பனையோலைப் பறியைத் தெரிந்திருக்கும். இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு கையும் இறாலுக்கு வேண்டும் அல்லவா. ஓலையைக் கைவினைப் பொருள் என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. அலங்காரம் என்பது உழைப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று நினைப்பவர்கள் எங்கள் ஏரிக்கரைக்கு ஒரு காலை வந்து பார்க்க வேண்டும்.

நான் இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டம் போட்ட திரை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிவப்பு ஒயின் பாட்டிலின் தக்கையில் உள்முனை மட்டும் சாயம் ஏறியிருக்கும். சிலவற்றில் நாவற்பழக் கருப்பு, சிலவற்றில் வெறும் ரோஜா நிறம். வெள்ளை ஒயினின் தக்கை வெளிறியே இருக்கும். முதலில் மஞ்சளும் காவியும் ஏற்றிப் பார்த்தேன். தக்கை தண்ணீரை வாங்காததால் சாயத்தையும் வாங்குவதில்லை, மேலே பூசினாற்போல நின்றது. அதை விட்டுவிட்டு, அது கொண்டுவந்த நிறத்தையே தரம் பிரித்தேன். கருநாவல், நடுத்தரம், வெளிர் என்று மூன்று முறம்.

இந்த மூன்று நிறத்தையும் பார்த்ததும் மனதில் வந்தது பழவேற்காட்டுத் துணி. இந்த ஊரில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இருந்தார்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான், பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் இங்கிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுபோனது துணி. கட்டம் போட்ட சாயத்துணிக்கும் கைக்குட்டைக்கும் ஐரோப்பாவில் எங்கள் ஊர்ப் பெயரே வழங்கியது. கோட்டை இன்று முட்புதர் மேடு. கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருகிறது. ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த துணியை நினைவூட்ட மட்டும் இங்கே ஒன்றும் இல்லை. அந்தக் கட்டத்தைத் தக்கையில் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது.

ஒரு தக்கையை நான்காக வெட்டினால் 11 மில்லிமீட்டர் வில்லை நான்கு கிடைக்கும். அதில் ஒன்றில்தான் நிறம், மூன்று வெளிர். பதினாறுக்குப் பதினாறு, 256 வில்லை கொண்ட சதுரத் திரைக்கு நான்கு வரிசைக்கு ஒரு பட்டை வீதம் குறுக்கிலும் நெடுக்கிலும் நிறம் ஓட வேண்டும். பட்டைகள் சந்திக்கும் 16 இடத்தில் கருநாவல். ஒற்றைப் பட்டை ஓடும் 96 இடத்தில் ரோஜா. மீதி 144 வெளிர். நெசவில் பாவும் ஊடையும் ஒரே நிறத்தில் சந்திக்கும் இடம் அடர்ந்தும் மற்ற இடம் மங்கியும் தெரிவது இதே கணக்கில்தான். 112 நிற வில்லைக்கு 112 சிவப்புத் தக்கை வேண்டும். அவற்றிலிருந்து 336 வெளிர் வில்லை வரும், திரைக்குப் போக மீந்ததைத் தோரணத்துக்கு எடுத்துக்கொள்வேன்.

வில்லை ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு துளை, நெடுக்கே ஒரு துளை, ஒன்று முன்பக்கம் ஒட்டி, ஒன்று பின்பக்கம் ஒட்டி. பனைநார் இதற்குத் தடிப்பு, அதனால் மெல்லிய நைலான். பலகை கிடையாது, சட்டம் கிடையாது. மேலே ஒரு மூங்கில், அதிலிருந்து வலை தொங்குவது போலத் தொங்கும். சுருட்டிப் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோகலாம். 38 சென்டிமீட்டர் சதுரம். அதைச் சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்த்தால் துணி என்றே நினைப்பார்கள், அருகில் வந்தால்தான் தக்கை தெரியும். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் நாவல் நிறம் நாளடைவில் பழுப்பாகும் என்று வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தக்கையில் அச்சிட்ட திராட்சைத் தோட்டத்தின் பெயரையும் சின்னத்தையும் பற்றி இரண்டு விதமாகக் கேட்பார்கள். நகரத்துக்காரர்களுக்கு அது தெரிய வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அது கண்ணிலேயே படக் கூடாது. வில்லையாக வெட்டி முகத்தை வெளியே காட்டும்போது பெயர் பக்கவாட்டில் மறைந்துவிடும். அதனாலும் எனக்கு வில்லை வேலை பிடிக்கிறது. பொருளைப் பார்க்கிறவர்கள் மரத்தையும் முடிச்சையும் பார்த்தால் போதும், விளம்பரம் வேண்டாம்.

தக்கையை வைத்துக் கலை செய்தவர்கள் உலகத்தில் பலர். பதினெட்டாம் நூற்றாண்டில் ரோம் நகரத்தில் அந்தோனியோ கிச்சி என்பவர் பழைய கோயில்களையும் வளைவுகளையும் தக்கையில் அப்படியே சின்னதாகச் செய்து விற்றார். இடிந்த கல்லின் பொரிந்த தோற்றம் தக்கையின் பொரியிலேயே கிடைத்துவிடும். சீனாவில் ஃபூஜோ நகரத்தில் தாள் போலச் சீவின தக்கையில் மலையும் மரமும் மண்டபமும் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். நம்மிடம் தஞ்சாவூர் நெட்டி வேலை இருக்கிறது. குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவி, வெள்ளை வெளேரென்று கோயில் கோபுரம் செய்வார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் கத்தி பிடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான் ஒரே இழுப்பில் வெட்டும் பழக்கத்தை நான் உறுதிப்படுத்திக்கொண்டேன். அவர்கள் செய்வது சிற்பம். எங்கள் வேலை வலைக்காரர் வேலை, வரிசையும் கண்ணும் இழுப்பும் தான் எங்களுக்குத் தெரிந்த அழகு.

பிளாஸ்டிக் தக்கைகளை என்ன செய்வது என்பதற்கு விடை படகிலேயே இருந்தது. எஞ்சின் சாவி தண்ணீரில் விழுந்தால் ஏரிச் சேற்றில் தேடி எடுக்க முடியாது. நல்ல தக்கை ஒன்று ஏறக்குறைய 4 கிராம் எடை, 20 கன சென்டிமீட்டர் தண்ணீரை ஒதுக்கும், ஆக 16 கிராம் வரை தூக்கி நிற்கும். இரண்டு சாவிக்கு மூன்று தக்கை கோத்தால் தாராளம். பிளாஸ்டிக் தக்கை தூக்குவது குறைவு, நாலாகக் கோக்க வேண்டும். ஆரஞ்சு வலை நூலால் கட்டினால் தண்ணீரில் தூரத்திலிருந்தே தெரியும். அலங்காரப் பொருள்களிலேயே எங்கள் குப்பத்து ஆண்கள் கேட்டு வாங்குவது இது ஒன்றைத்தான்.

2022 ஜூலை முதல் தேதியிலிருந்து அலங்காரத்துக்குத் தெர்மகோல் பயன்படுத்தத் தடை வந்தது. அதுவரை கல்யாண மேடையில் மணமக்கள் பெயர் வெட்டி ஒட்டுவது தெர்மகோலில்தான் வழக்கமாக இருந்தது. மறுநாள் அது உடைந்து வெள்ளை மணியாக ஏரியோரம் பறந்துவரும், சேற்றில் கலந்துவிட்டால் பொறுக்கவே முடியாது. தடைக்குப் பிறகு தக்கையில் எழுத்துக் கட்டித்தரச் சொல்லி வந்தார்கள். தமிழ் எழுத்தின் சுழிக்கும் வளைவுக்கும் தக்கை நன்றாக வளைந்து கொடுக்கிறது. கோத்த சரத்தைக் கம்பியில் வளைத்துக் கட்டினால் ‘ஜ’வும் ‘ஷ’வும்கூட வந்துவிடும். விழா முடிந்ததும் அவிழ்த்து அடுத்த பெயருக்குக் கட்டலாம் என்பதால் நான் அதை விற்பதில்லை, வாடகைக்குக் கொடுக்கிறேன். பசை வைத்து ஒட்டியிருந்தால் இது நடக்குமா?

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நகரத்தில் கடை வைத்திருப்பவர்கள் தக்கை இலவசமாக வந்ததுதானே என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். நான் தக்கைக்கு விலை போடுவதே இல்லை. கொதிக்கவைக்க விறகு, கத்திக்குச் சாணை, துளைக்கும் முடிச்சுக்கும் ஆகிற நேரம், அவ்வளவுதான் கணக்கு. அந்த நேரத்துக்கு இறால் உரிக்கப் போயிருந்தால் ஒரு பெண்ணுக்கு என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறைந்து ஒரு ரூபாய்க்கும் சம்மதிப்பதில்லை. முகத்துவாரம் மணல் மூடி ஏரியில் தண்ணீர் வற்றும் மாதங்களில் பாடு, அதாவது வலை போட எங்களுக்கு வரும் முறை, வந்தாலும் வலையில் ஒன்றும் இருக்காது. அப்போது திண்ணையில் உட்காரும் கைகள் அதிகமாகும். வடகிழக்கு மழையில் ஆறு வந்து வாய் திறந்ததும் கைகள் மீனுக்குத் திரும்பும். அதை நான் தடுத்ததில்லை. இந்தத் தொழில் ஏரியை விட்டு ஆட்களைப் பிரித்துக் கொண்டுபோகக் கூடாது, ஏரி கைவிடும் மாதத்தில் அடுப்பு எரிய வைத்தால் போதும் என்பது என் எண்ணம்.

இப்போது எனக்குத் தேவைப்படுவது நல்ல தக்கை, அதுவும் ஈரமில்லாமல். ஓட்டல்காரர்களும் விருந்து மண்டபத்துக்காரர்களும் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். தக்கையைக் கண்ணாடி உடைசலோடு சேர்த்துப் போடாதீர்கள், பொறுக்கும் கையில் ஏறிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அந்தக் கருப்பு கொதித்தாலும் போகாது. காற்று புகும் ஒரு சணல் சாக்கைப் பணியாளர் அறையில் மாட்டி, திறந்த உடனே அதில் போடச் சொல்லுங்கள். சிவப்பையும் வெள்ளையையும் பிரிக்க வேண்டியதில்லை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாக்கு நிறைந்ததும் பொன்னேரி வழியாக வரும் பேருந்தில் ஏற்றிவிட்டால் போதும்.